நானூறு காயிலும் ஒரு கையெழுத்தும்

வலங்கைமான் கடைத்தெருவில் பிரின்ஸியின் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஒரு சாமானை வாங்குவதைவிட வாங்காமல் திரும்புவது சுலபம். கேட்ட பொருள் அலமாரியில் இருக்கும். எடுத்தும் வைப்பாள். வைக்கும்போதே, இது ஒரிஜினல் இல்லை, ஆறு மாசம் ஓடும், அதற்குமேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய், அதே டூப்ளிகேட்டை ஒரிஜினல் விலைக்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். மீதிப் பாதிதான் அவளுக்குப் பதினெட்டு வருஷமாகச் சோறு போடுகிறது.

ஒரு தடவை திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, மருந்தடிக்கும் மிஷின் வாங்கிக்கொள்கிறேன், மானியத்துக்குக் காட்ட பில்லில் மட்டும் கொஞ்சம் ஏற்றிப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஊரில் நடக்காததை ஒன்றும் அவர் கேட்கவில்லை. பிரின்ஸி மிஷினைத் திரும்ப உள்ளே தூக்கி வைத்துவிட்டாள். அந்த மனிதரோடு ஒரு கிராமமே அவள் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. "உனக்கு வியாபாரம் வராது, வேற எதாவது பண்ணு" என்று அவளுடைய நாத்தனார் ஜூலியட் அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிரின்ஸி பிறந்தது பூண்டிப் பக்கம். தஞ்சாவூரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தாள். வகுப்பில் மூன்றே பெண்கள். மற்ற இருவரும் படித்ததை மறந்துவிட்டு நன்றாக இருக்கிறார்கள். இவள் மட்டும் மல்டிமீட்டரைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கணவர் ஜோசப்ராஜ் நடவு மிஷின் ஓட்டுகிறவர். நடவு இல்லாத நாளில் அறுவடை மிஷின் ஓட்டுவார். அதிகம் பேசமாட்டார். கடையில் அவள் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டார் போலும்.

இப்படிப்பட்ட ஒருத்தியைப் பொய்க்காரி என்று எழுதி, அவளையே கையெழுத்துப் போட வைத்தார்கள். அந்தக் கதைதான் இது. போன குறுவை நடவின்போது நடந்தது.

நடவு மிஷினின் பெட்ரோல் இன்ஜினில் கைக்கு அடக்கமாக ஒரு பாகம் இருக்கிறது. இக்னிஷன் காயில் என்று பெயர். மெக்கானிக்குகள் வெறுமனே காயில் என்பார்கள். பிளக்குக்குப் பொறி தருவது அதுதான். அது செத்துப்போனால் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் உறுமாது. கரண்ட் வரவில்லை என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். சேற்றிலும் மழையிலும் நாள் முழுக்க நிற்கிற மிஷின். காயில் அடிக்கடி போகும். மிஷினை விற்ற கம்பெனியில் கேட்டால் அந்தப் பழைய மாடலுக்குக் காயில் தனியாக வராது, மொத்த செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பொத்தான் அறுந்ததற்குச் சட்டையையே வாங்கச் சொல்லும் நியாயம். குடவாசலிலும் வலங்கைமானிலும் மட்டும் காயிலுக்காக நின்றுபோன மிஷின் பதினொன்று. ஜோசப்ராஜ் ஓட்டும் மிஷினும் அதில் ஒன்று.

பிரின்ஸி ஆறு மாதம் தேடினாள். சீனாவில் ஒரு சின்ன ஆலை அதே காயிலைச் செய்து கொடுப்பதாகச் சொன்னது. முதலில் கூரியரில் நான்கு வரவழைத்து, ஒரு கோடைப் பட்டம் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். நான்கும் நின்று பேசின. பிறகுதான் சுற்று வட்டார மெக்கானிக்குகளைக் கேட்டு, நானூறு காயிலுக்கு ஆர்டர் கொடுத்தாள். கப்பலில் சரக்கு இறக்குவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. இறக்குமதி உரிமம் எடுத்தாள். துறைமுகத்தில் காகித வேலை பார்க்க அன்சார் என்ற கிளியரிங் ஏஜென்டைப் பிடித்தாள். அன்சார் பூர்வீகம் கூத்தாநல்லூர். நம்ம பக்கத்துப் பையன், ஏமாற்றமாட்டான் என்று நினைத்தாள். அவன் ஏமாற்றவும் இல்லை. அதைவிட மோசமாக, அலட்சியமாக இருந்தான்.

சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. எந்த எண்ணில் போடுகிறோமோ அதற்குத் தகுந்த வரி. விவசாய மிஷின்களும் அவற்றின் பாகங்களும் ஒரு அத்தியாயத்தில் இருக்கின்றன; வரி குறைவு. காருக்கும் பைக்குக்கும் வருகிற பற்றவைப்புப் பாகங்கள் வேறொரு அத்தியாயத்தில் இருக்கின்றன, வரி கூடுதல். என்ன சாமான் அக்கா என்று அன்சார் கேட்டபோது, நடவு மிஷின் சாமான் என்றாள் பிரின்ஸி. விவசாயம் என்றால் கம்மிதான், அதிலேயே போட்டுவிடுகிறேன் என்று அவன் போட்டுவிட்டான். இரண்டு நிமிஷம் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை.

ஆனால் வினை அங்கே மட்டும் இல்லை. இந்த ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நகையை அடகு வைக்கப் போனால் விவசாயக் கடனா, சாகுபடிக்கு அடங்கல் சான்று கொண்டு வந்தீர்களா என்பார்கள். மோட்டாருக்குக் கரண்ட் கேட்டால் விவசாயம்தானே என்பார்கள். ஏரியில் வண்டல் மண் அள்ளக் கேட்டாலும் அதே கேள்வி. அதனால் இங்கே யார் எந்த ஆபீசுக்கு எந்தக் காகிதம் கொடுத்தாலும், தலைப்பிலேயே 'விவசாயப் பயன்பாட்டுக்கு' என்று எழுதிவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அரசாங்கமே கேட்டுக் கேட்டுப் பழக்கியது. பிரின்ஸியும் அந்தப் பழக்கத்தில், சீனாக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினாள்: பில்லில் வெறுமனே காயில் என்று போடாதே, நெல் நடவு மிஷின் பாகம், விவசாயப் பயன்பாட்டுக்கு என்று எழுது. அவனும் எழுதிக் கொடுத்தான்.

சரக்கு துறைமுகத்தில் இறங்கியபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வயல்களில் பாய் நாற்றங்கால் விட்டு மூன்றாம் நாள். பாய் நாற்று என்பது பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மெல்லிய மண்ணைப் பரப்பி, விதையை நெருக்கமாகத் தூவி வளர்ப்பது. மிஷினுக்கென்றே விடுகிற நாற்று. பதினெட்டு நாளுக்குள் நட்டாக வேண்டும். இருபதைத் தாண்டினால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மிஷினின் விரலுக்குப் பிய்ந்து வராது. கையால் பறித்து நடலாம் என்றால், அந்த நாளில் நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு நாளில் சரக்கு வெளியே வந்துவிடும் என்று அன்சார் சொல்லியிருந்தான். இரண்டு நாளில் சரக்குக்குப் பதில் கேள்வி வந்தது. இது மின்சாரப் பற்றவைப்புப் பாகம்போல் இருக்கிறதே, விவசாய மிஷின் பாகம் என்று எப்படிப் போட்டீர்கள், ஆதாரம் தரவும்.

பிரின்ஸிக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை. ஆதாரம்தானே, அதில் என்ன குறைச்சல் என்று நினைத்தாள். ஜோசப்ராஜை முழங்கால் சேற்றில் மிஷினோடு நிறுத்தி நாலு பக்கமும் படம் எடுத்தாள். இன்ஜின் மூடியைக் கழற்றிக் காயில் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் படம் எடுத்தாள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், மேற்படி இயந்திரம் நெல் சாகுபடிக்கே பயன்படுகிறது என்று கோபுர முத்திரையோடு சான்றிதழ் வாங்கினாள். இங்கே எந்தச் சிக்கலும் அந்த முத்திரைக்குக் கட்டுப்படும். போதாததற்கு, மறைக்க என்ன இருக்கிறது என்று சீனாக்காரனோடு பேசிய வாட்ஸ்அப் முழுவதையும் பக்கம் பக்கமாக அச்சடித்துச் சேர்த்தாள். நாற்றுக்கு எட்டாம் நாள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் அன்சார் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. படமும் சான்றிதழும் ஒருபுறம் கிடக்க, அதிகாரி வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரியை மட்டும் கோடிட்டு எடுத்திருக்கிறார் என்றான். காயில் என்று போடாதே, விவசாயப் பயன்பாட்டுக்கு என்று எழுது. அப்படியென்றால் சரக்கு காயில் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தே பெயரை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், வரி ஏய்ப்பு நோக்கம் என்று குறிப்பு எழுதிவிட்டாராம். அவளாகவே, நேர்மை என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த காகிதம்.

பதினைந்தாம் நாள் காலையில் வைரக்கண்ணு கடைக்கு வந்தார். குடவாசல் பக்கம் ஏழு ஏக்கர் குத்தகை எடுத்து உழுகிறவர். ஜோசப்ராஜின் மிஷினை நம்பியே நாற்று விட்டிருந்தார். சண்டைக்கு வரவில்லை. வாழை இலையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்த நாற்றுப்பாய்த் துண்டு ஒன்றைக் கல்லாமேல் விரித்தார். அடிப்பக்கம் திருப்பிக் காட்டினார். வேர் வெள்ளை வெளேரென்று அடர்ந்து கிடந்தது. ஒரு முடிச்சைப் பிய்க்கப் பார்த்தார். பக்கத்து நாற்றும் சேர்ந்தே வந்தது.

"இன்னும் மூணு நாளு தாங்கும் தங்கச்சி. அதுக்கு மேல நா என்ன சொன்னாலும் அது கேக்காது."

அவ்வளவுதான் சொன்னார். எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லை. இலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் பிரின்ஸிக்குத் திருப்பித் திட்ட வாய்ப்பாவது இருந்திருக்கும். உடனே பஸ் ஏறி, அன்று மதியமே துறைமுகம் போய்ச் சேர்ந்தாள்.

துறைமுக அலுவலகத்தில் அந்த அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள். வில்லன்மாதிரி இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். தடிமனான புத்தகத்தைத் திறந்து, பொறுமையாக விளக்கினார். இன்ஜினைப் பற்றவைக்கும் மின்சாரப் பாகத்துக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. அது காரில் மாட்டினாலும் படகில் மாட்டினாலும் நடவு மிஷினில் மாட்டினாலும் அந்தத் தலைப்புக்குத்தான் போகும். யார் உபயோகிக்கிறார்கள் என்பது கணக்கில்லை, பொருள் என்ன என்பதுதான் கணக்கு. விதி அச்சில் இருந்தது. பிரின்ஸி இரண்டு முறை படித்தாள். படித்தவளுக்குப் புரிந்துவிட்டது. சேற்றில் உழைக்கிற மிஷினும் கார்க்காரரின் காரும் ஒரே வரி கட்டுவது என்ன நியாயம் என்று வயிறு எரிந்தது. ஆனாலும் எழுதியிருக்கிறது, எழுதியபடிதான். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். வரி வித்தியாசம் எவ்வளவோ அதைக் கட்டிவிடுகிறேன், தாமதத்துக்கு வட்டி உண்டென்றால் அதையும் கட்டிவிடுகிறேன் என்றாள்.

அப்போதுதான் அவர் ஒரு கடிதத்தை நகர்த்தி வைத்தார். ஏற்கெனவே அச்சடித்தது. கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம். ஆங்கிலத்தில் இருந்தது. சரக்கின் தன்மை எனக்குத் தெரியும். தெரிந்தே, வரியைக் குறைக்கும் நோக்கத்துடன், தவறான தலைப்பில் அறிவித்தேன். இதற்காக எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. விதிக்கும் அபராதத்துக்குக் கட்டுப்படுகிறேன். இதுதான் சாரம்.

தெரிந்தே என்ற வார்த்தையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் பிரின்ஸி. அவர் தலையை ஆட்டினார். தெரியாமல் நடந்தது என்றால் அதை விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும், நோட்டீஸ் போக வேண்டும், நீங்கள் பதில் எழுத வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும், அதுவரை சரக்கு இங்கே கிடக்கும் என்றார். இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

"பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா ஒரு நாளு. உண்மையைச் சொன்னா மூணு மாசமா சார்?"

அவர் கோபப்படவில்லை. நடைமுறை அப்படித்தான் இருக்கிறது, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஆமாம், எல்லோரும் செய்கிறார்கள். காகிதத்தில் குற்றவாளி ஆவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, அந்தக் காகிதத்தை எழுதி வைத்திருப்பவர்களே சொல்கிற ஊர் இது. வெளியே வந்ததும் அன்சாரும் அதையேதான் சொன்னான்: ஒரு கையெழுத்துதானே அக்கா. தன் கையில் இருந்த தப்பைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. கடிதத்தில் அவன் பெயர் எந்த இடத்திலும் இல்லை.

சரக்கை ஜாமீன்போல ஏதாவது எழுதிக் கொடுத்து எடுக்க வழி உண்டா என்று அவனிடம் கேட்டாள். உண்டு, ஆனால் அதற்கும் பாண்டு, வங்கி உத்தரவாதம் என்று பத்துப் பதினைந்து நாள் இழுக்கும் என்றான். அவளிடம் இருந்தது மூன்றே நாள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து ஜோசப்ராஜுக்குப் போன் செய்தாள். கடிதத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னாள். அவர் வைரக்கண்ணுவின் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ போடாத பிரின்ஸி. கெளம்பி வா. அவருகிட்ட நா சொல்லிக்கிறேன்."

அந்த மனுஷன் எப்படிச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வரப்பில் வைரக்கண்ணுவுக்கு எதிரே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் மணி நேரம் ஆனாலும் வாயிலிருந்து வார்த்தை வராது. வைரக்கண்ணுவே புரிந்துகொண்டு, சரி விடு தம்பி என்று சொல்லிவிட்டு நாற்றங்காலைப் பார்த்து நடப்பார். இதேபோல இன்னும் பத்து வயலில் பத்துப் பேர் நடப்பார்கள். அவர் போட வேண்டாம் என்று சொன்னதுதான் அவளைப் போட வைத்தது. போடு என்று சொல்லியிருந்தால் பிடிவாதம் பிடித்திருப்பாள்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுதாக எழுதினாள். அதிகாரி நன்றி சொன்னார். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. வரியும் அபராதமும் கட்டியாயிற்று. மறுநாள் மதியம் நான்கு அட்டைப் பெட்டிகள் வேனில் ஏறின. பதினேழாம் நாள் இருட்டுவதற்குள் பதினொரு மிஷினிலும் கரண்ட் வந்துவிட்டது. பதினெட்டாம் நாள் விடிந்ததும் ஜோசப்ராஜ் வைரக்கண்ணுவின் வயலில் இறங்கினார். நாற்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஆனாலும் மிஷினின் விரலுக்கு வந்தது. இரண்டு நாளில் ஏழு ஏக்கரும் முடிந்தது. வைரக்கண்ணு ஒரு தார் பூவன்பழத்தைக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எப்படிக் காயில் வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரின்ஸிக்கு மட்டும் அது முடியவில்லை. யாராவது ஒரு பிளக் கேட்டு வந்தால், இது டூப்ளிகேட் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு ஒரு கணம் நிற்பாள். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றுமாம். ஜூலியட்டிடம் மட்டும் ஒரு நாள் இதைச் சொன்னாள். ஊருக்குத் தெரியாத காகிதத்துக்கு ஏன் இப்படி உருகுகிறாய் என்று ஜூலியட் கேட்டாள். ஊருக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, நாலு பேரிடம் சண்டை போட்டு நிரூபித்துவிடுவேன், யாருக்கும் தெரியாமல் ஒரு பீரோவுக்குள் நான் திருடியாக உட்கார்ந்திருக்கிறேன், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று, அபராதம் விதித்த உத்தரவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அன்சாரிடம் சொன்னபோது அவன் சிரித்தான். கட்டின அபராதத்தைவிட வக்கீல் செலவு கூட ஆகும், வரியும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், எதை எதிர்த்துப் போகப் போகிறீர்கள் என்றான். வரியை எதிர்த்து இல்லை என்றாள். வக்கீலும் வைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கடையைத் திறக்காமல் உட்கார்ந்து தானே எழுதினாள். நாற்றின் வயது, மிஷினின் எண்ணிக்கை, சரக்கு இறங்கிய தேதி, கேள்வி வந்த தேதி, அன்சார் எண் போட்ட விதம், இந்தப் பக்கத்தில் விவசாயப் பயன்பாட்டுக்கு என்று ஏன் எழுதுவோம் என்பது எல்லாம் எழுதினாள். வரியைத் திருப்பிக் கேட்கவில்லை. அபராதத்தையும் கேட்கவில்லை. தெரிந்தே, வரியைக் குறைக்கும் நோக்கத்துடன் என்ற சொற்களை உத்தரவிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

விசாரணை போனிலேயே நடந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். கடையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, போனை ஒரு காயில் பெட்டியில் சாய்த்து வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் வந்த மேலதிகாரி வயதான பெண்மணி. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வரியை எதிர்க்கவில்லை, கட்டிய அபராதமும் திரும்ப வேண்டாம் என்றால் உங்களுக்கு என்ன பரிகாரம் வேண்டும் என்று கேட்டார்.

"நா தெரிஞ்சு செஞ்சேன்னு எழுதியிருக்கு மேடம். தெரியாமதான் செஞ்சேன். அத மட்டும் எடுத்துடுங்க."

ஆனால் அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார் அந்த அம்மாள். பிரின்ஸி யோசித்தாள். கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை ஜெயித்தும் இருப்பாள். ஆனால் அந்த அதிகாரி குரலைக்கூட உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார், புத்தகத்தைக் காட்டினார், நன்றி சொன்னார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாற்றுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அதற்காகப் போட்டேன் என்றாள். அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். ஆறு நிமிஷத்தில் விசாரணை முடிந்தது.

உத்தரவு இரண்டரை மாதம் கழித்து மெயிலில் வந்தது. குறுவை அறுவடையாகி, அதே வயல்களில் தாளடி நட்டு முடித்திருந்த நேரம். அவள் பார்ப்பதற்கு முன்பே அன்சார் போனில் குதித்தான். ஜெயிச்சுட்டோம் அக்கா, அபராதத்தைப் பாதியாக்கிட்டாங்க, பணம் திரும்ப வரும், நானே இத எதிர்பாக்கல என்றான். பிரின்ஸி போனை வைத்துவிட்டு ஒன்பது பக்கத்தையும் படித்தாள். எட்டாம் பக்கத்தின் கீழே அந்த வாக்கியம் இருந்தது. இறக்குமதியாளர் தாம் தெரிந்தே செய்த தவறை மறைக்காமல், எவருடைய கட்டாயமும் இன்றித் தாமாகவே ஒப்புக்கொண்ட நேர்மையைக் கருத்தில் கொண்டு, அபராதம் பாதியாகக் குறைக்கப்படுகிறது.

மூன்று முறை படித்தாள். வார்த்தை போகவில்லை. போகாததோடு அதற்கு மேலே நேர்மை என்று ஒரு சான்றிதழும் ஒட்டியிருந்தார்கள். உண்மையைச் சொன்னபோது அவளை யாரும் நேர்மையானவள் என்று எழுதவில்லை. பொய்யாக ஒப்புக்கொண்டதற்கு எழுதியிருக்கிறார்கள். கேட்காத பணத்தைக் கொடுத்து, கேட்ட ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஜோசப்ராஜ் சாப்பிட வந்தபோது அவரிடம் அந்தப் பக்கத்தை நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் அன்சார் இன்னொரு கடிதத்தை அனுப்பினான். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பம். அவனே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். மேற்படி உத்தரவை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், மேற்கொண்டு முறையீடு செய்ய மாட்டேன் என்று அதில் ஒரு வரி. இரண்டு நாள் பதில் இல்லாததால் அவனே கூப்பிட்டான். என்ன தயக்கம், சும்மா ஒரு சம்பிரதாயம்தான், கையெழுத்தைப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றான்.

"அன்னைக்கு நாத்து நின்னுச்சு தம்பி, போட்டேன். இன்னைக்கு என்ன நிக்குது?"

இதற்கு மேலே போவதென்றால் தீர்ப்பாயம்தான் என்றும், அங்கே வருஷக் கணக்கில் ஆகும் என்றும், ஒரு வார்த்தைக்காக யாரும் அங்கே போனதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றும் சொன்னான். ஆகட்டும் என்றாள் பிரின்ஸி. தீர்ப்பாயத்துக்குப் போக எந்தப் படிவம், எத்தனை நகல் வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடை வாசலில் ஒருவர் பிளக் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எடுத்துக் கொடுக்கப் போனாள்.